எஸ்.பி.ஆரில் ஈ.ஜி.எஃப் பிணைப்பை அளக்கப் போகிறவர்களுக்கு

ஈ.ஜி.எஃப் என்பது செல் மேலுள்ள ஏற்பி என்ற புரதத்தைப் பிடித்து, செல்லை வளரத் தூண்டும் சிறு புரதம். எஸ்.பி.ஆர் என்பது சிப்பில் ஒட்டிய மூலக்கூறோடு மேலே ஓடும் மூலக்கூறு எப்படிப் பிணைகிறது என்று ஒளியால் அளக்கும் முறை. ஒருவழியாக எனக்குப் பிணைப்பு வளைவுகள் ஒழுங்காகப் பொருந்திவிட்டன. சிப்பை மாட்டுவது, பஃபர் ஓட்டுவதெல்லாம் கையேட்டில் உள்ளபடியே நடக்கும். தொல்லை அதற்கு முன்பே, குப்பிக்குள் தொடங்குகிறது.

முதல் வில்லன் ஆல்புமின். வளர்ச்சிக் காரணி கெடாமலிருக்க மாட்டு ரத்தப் புரதமான ஆல்புமினைக் கலந்து விற்பார்கள். லேபிளில் அது பொடி எழுத்தில் இருக்கும். ஈ.ஜி.எஃப் சுமார் 6 கிலோடால்டன், ஆல்புமின் 66. அதுவும் பல மடங்கு கூடுதலாகக் கலந்திருக்கும். புரதத்தின் அமீன் (நைட்ரஜன் கொண்ட வேதித் தொகுதி) வழியில் சிப்பில் ஒட்டினால் சிக்னல் ஜோராக ஏறும், ஆனால் ஒட்டியது பெரும்பாலும் ஆல்புமின்தான். மேலே ஏற்பியை ஓடவிட்டால் அசைவே இருக்காது. ஆல்புமின் கலக்காததை வேண்டுமென்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். ஒட்டும்போது ட்ரிஸ் பஃபரும் ஆகாது, அதிலும் அமீன் உண்டு.

சுத்தமான சரக்கு வந்த பிறகும் பிணைப்பு மந்தமாகத் தெரியலாம். மனித ஈ.ஜி.எஃப்பின் 53 அமினோ அமிலங்களில் சிப்பில் ஒட்டும் அமீன் கொண்ட லைசின் இருப்பது 28, 48 ஆகிய இடங்களில். 47-இல் இருக்கும் லியூசின் ஏற்பியைப் பிடிக்க மிக முக்கியம். பக்கத்து லைசின் சிப்பில் மாட்டினால் அந்த மூலக்கூறு வீண். (சுண்டெலி ஈ.ஜி.எஃப்பில் லைசினே கிடையாது. முனையிலுள்ள அமீன் மட்டும்தான்.)

எனவே திருப்பிப் போடுவதே மேல்: எஃப்.சி வால் (ஆன்டிபாடியின் அடித்துண்டு, இரண்டிரண்டாக இணையும்) கொண்ட ஏற்பியை ஆன்டிபாடியால் சிப்பில் பிடித்து, ஈ.ஜி.எஃப்பை மேலே ஓடவிடுங்கள். இரட்டையாக நிற்கும் ஏற்பியை ஓடவிட்டால் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு கழலவே கழலாது. பொய்யான இறுக்கம் கிடைக்கும். சிக்னல் சிறியதாக இருக்கும், பயப்பட வேண்டாம். 1000 ஆர்.யூ (சிக்னலின் அலகு) ஏற்பிக்கு அதிகபட்சம் 50 அளவில்தான் வரும். ஆசைப்பட்டு ஏற்பியை அடர்த்தியாக ஏற்றாதீர்கள். ஓட்ட வேகத்தை மாற்றும்போது ஆன்-ரேட்டும் (பிணையும் வேகம்) மாறினால், நீங்கள் அளப்பது பிணைப்பை அல்ல, ஈ.ஜி.எஃப் சிப்புக்கு வந்து சேரும் வேகத்தை. நீர்த்த கரைசல் குழாய்ச் சுவரில் ஒட்டிக் குறையும். புரதம் ஒட்டாத குழாயும் 0.05% ட்வீன்-20-உம் (சோப்பு போன்ற பொருள்) வேண்டும்.

கடைசியில் கே.டி மதிப்பு (பிணைப்பின் இறுக்கம், எண் சிறிதானால் இறுக்கம் அதிகம்) செல்களில் அளந்ததோடு ஒத்துப்போகவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். செல்லில் ஒரு பகுதி ஏற்பிகள் 1 நானோமோலாருக்கும் கீழே பிடிக்கும். தனியாக வெட்டியெடுத்த முழு வெளிப்பகுதி நூறு நானோமோலார் அளவில்தான் பிடிக்கும். அந்த வெளிப்பகுதியில் நான்கு களங்கள் (தனித்தனியாக மடிந்த பகுதிகள்) உண்டு. ஈ.ஜி.எஃப் 1, 3 ஆம் களங்களுக்கு இடையில் அமர வேண்டும். ஆனால் 4 ஆம் களம் 2 ஆம் களத்தைப் பூட்டி வைத்து, 1, 3 ஆம் களங்களை விலக்கியே நிறுத்துகிறது. 4 ஆம் களத்தின் பெரும்பகுதியை வெட்டிய துண்டு, பூட்டு இல்லாததால், இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். ஒப்பிடுவதற்கு முன் எந்தத் துண்டு, வால் உண்டா என்று பாருங்கள்.

எதிர்மறைக் கட்டுப்பாட்டுக்கு (பிணையக் கூடாத ஒப்பீட்டு மாதிரி) கொதிக்கவைத்த ஈ.ஜி.எஃப் உதவாது. மூன்று டைசல்ஃபைடு பிணைப்புகள் (கந்தக அணுக்களின் இணைப்பு) இருப்பதால் அது சூட்டைத் தாங்கிவிடும். டி.டி.டியால் (டைதயோத்ரெய்டால்) அந்தப் பிணைப்புகளை ஒடுக்கி, மீண்டும் இணையாதபடி அயோடோஅசிடமைடால் மூடி, மிச்ச டி.டி.டியை நீக்கிய பிறகே ஓட்டுங்கள். நீக்காவிட்டால் அது ஏற்பியின் டைசல்ஃபைடுகளையும் தின்றுவிடும்.