கொல்லையில் ஒரு கோய் குளம்

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

மாட்டுக் கொட்டகை இருந்த இடம் பல வருடங்களாகச் சும்மா கிடக்கிறது. அங்கே கோய் எனும் வண்ணக் கெண்டை மீனுக்குக் குளம் வெட்டுவது என்று முடிவாகிவிட்டது. செலவு 25,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. குளம் அமைத்துத் தரும் ஒரு நிறுவனத்திடம் விலை கேட்டேன். அவர்கள் சொன்ன தொகைக்கு ஒரு நல்ல ஸ்கூட்டர் வாங்கலாம். அதில் பாதி செயற்கைப் பாறைக்கும் கலர் விளக்குக்கும். மீன் பாறை கேட்டதா, விளக்கு கேட்டதா?

அளவு: 10 அடி நீளம், 6 அடி அகலம், 4 அடி ஆழம். 240 கன அடி, அதாவது ஏறக்குறைய 6,800 லிட்டர். ஆழத்தில் மட்டும் கஞ்சத்தனம் கிடையாது. இரண்டடித் தொட்டி சித்திரை வெயிலில் மதியத்துக்குள் கொதித்துவிடும். நீர் சூடேற ஏற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரைவது, 30 டிகிரியில் ஏழரைக்கு இறங்கிவிடும். கோய் நம் வெயிலைத் தாங்கிக்கொள்ளும்; மூச்சு முட்டினால் தாங்காது.

9 பிப்ரவரி

கொத்தனார் வந்து பார்த்தார். "சிமெண்ட் தொட்டியாகவே கட்டிவிடுங்கள் சார், பேரன் காலம் வரை நிற்கும்" என்றார். நிற்கும்தான். ஆனால் செங்கல், கம்பி, பூச்சு என்று கணக்குப் போட்டால் என் பணம் அடித்தளத்திலேயே தீர்ந்துவிடும். போதாததற்குப் புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரின் காரத்தன்மையை ஏற்றும். வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி இறைத்து, வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

பண்ணைக் குட்டைக்கு விவசாயிகள் விரிக்கும் 500 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக் பாய் எனக்குப் போதும். பாயின் நீளம் என்பது குளத்தின் நீளம், இரண்டு பக்கச் சுவர், கரையில் மடிக்க இரண்டடி, இவற்றின் கூட்டுத்தொகை. 10, 8, 2 சேர்ந்து 20 அடி. அகலம் 6, 8, 2 சேர்ந்து 16 அடி. ஆக 320 சதுர அடி. சதுர அடி 9 ரூபாய் வீதம் 2,880. கொத்தனாருக்கு வருத்தம்தான். கரை கட்டும் வேலையை அவருக்கே கொடுத்தேன், முகம் கொஞ்சம் தெளிந்தது.

23 பிப்ரவரி

குழி தயார். தரை ஒரு மூலையை நோக்கிச் சரிகிறது. கழிவு அங்கேதான் சேர வேண்டும். சுவர்களைக் கையால் தடவிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருந்த வேர்களையும் கல்லையும் எடுத்தேன். ஒரு கூரான ஓடு போதும், பாய் கிழிய.

பாய்க்கு அடியில் மெத்தை மாதிரி ஏதாவது வேண்டும். இதற்கென்று விற்கும் துணி விலை அதிகம். பழைய பிளெக்ஸ் பேனர் இருக்கும்போது அது எதற்கு? தெருமுனை அச்சகத்தில் ஒரு கட்டு இனாமாகக் கிடைத்தது. தரையில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா, தெற்குச் சுவரில் ஒரு கல்யாணம், வடக்கே யாரோ ஒரு வட்டச் செயலாளர் கும்பிட்டபடி. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை முகத்தில் மண்ணைப் போடாதே, அபசகுனம்" என்றாள். மாப்பிள்ளையைக் குப்புறப் போட்டுவிட்டேன்.

பாய் விரித்தபோது மூலைகள்தான் வம்பு செய்தன. நானும் அக்கா மகனும் இழுத்துக்கொண்டே இருந்தோம், சுருக்கம் தீரவில்லை. அக்கா வந்து புடவைக் கொசுவம் மாதிரி ஒரே பக்கமாக அடுக்கி மடித்தாள். ஒவ்வொரு மூலைக்கும் ஒரே ஒரு பெரிய மடிப்பு, அவ்வளவுதான். பாதி நிறையும் வரை விளிம்பை எங்கும் கட்டவில்லை. நீர் தன் எடையால் பாயை இழுத்துச் சுவரோடு ஒட்டிய பிறகுதான் ஹாலோ பிளாக் கரை எழும்பியது.

கரை தரையிலிருந்து அரை அடி உயரம். முற்றத்து மழைநீர் சாம்பலையும் சோப்பு நுரையையும் இழுத்துக்கொண்டு குளத்தில் இறங்கக் கூடாதல்லவா?

2 மார்ச்

இன்று வடிகட்டி. காசு சேமிக்க ஆயிரம் இடம் உண்டு, இது அந்த இடமல்ல. ஆனால் காசு கொடுத்தால்தான் நல்ல வடிகட்டி என்பதும் இல்லை.

200 லிட்டர் நீல டிரம் இரண்டு, பழையது, ஒன்று 900 ரூபாய். பூச்சிமருந்தோ அமிலமோ வந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் தொடக் கூடாது. என்னுடையவை ஊறுகாய் வந்தவை. கல் உப்பு போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்த பிறகும் மூடியைத் திறந்தால் மாங்காய் வாசம் வருகிறது.

குளத்தின் தாழ்ந்த மூலையில், துளையிட்ட காய்கறிக் கூடைக்குள் மோட்டார். அங்கிருந்து நீர் முதல் டிரம்முக்கு ஏறுகிறது. குழாயை நேராக விடாமல் டிரம்மின் சுவரை ஒட்டிச் சாய்த்து விட்டேன். நீர் சுழலும், சுழலச் சுழலக் கழிவு நடுவில் படியும். அடியில் ஒரு வால்வு, திறந்தால் கறுப்பு நீர் வெளியேறும். மேல்நீர் இரண்டாவது டிரம்மின் அடிப்பக்கம் நுழைந்து மேலே ஏறி வருகிறது. அதற்குள் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் ஒரு மூட்டை, விரல் நீளத்துக்கு வெட்டிய பிவிசி துண்டுகள், முரட்டுப் பாய்த் துண்டுகள். பிறகு வாய் வழியாக வழிந்து குளத்திலேயே விழுகிறது. விழும்போது காற்றையும் கூட்டிக்கொண்டு போகிறது.

மோட்டார் வாங்கும்போது ஒரு விஷயம். பெட்டியில் அச்சடித்திருக்கும் '5,000 லிட்டர்' என்பது மணிக்கு, அதுவும் உயரம் ஏற்றாதபோது. ஏற்றும் உயரம் கூடக் கூட நீர் குறையும். பெட்டியில் குறித்த உச்ச உயரத்தில் ஒரு சொட்டும் வராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை குளத்து நீர் முழுவதும் டிரம் வழியாக வர வேண்டும் என்பது என் கணக்கு. அதற்கு மணிக்கு 3,400 லிட்டர் போதும். ஏற்றத்தில் போகும் இழப்புக்காக 5,000 வாங்கினேன். 50 வாட். நிறுத்தாமல் ஓடினால் நாளைக்கு 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். குளம் வெட்டுகிறவர்கள் யாரும் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

16 மார்ச்

ஆழ்துளைக் கிணற்று நீர்தான். குளோரின் கிடையாது என்பது நல்லது. ஆக்சிஜனும் குறைவு என்பது கெட்டது. மோட்டார் ஓடட்டும்.

மீன் இல்லாத குளத்துக்குத் தினமும் ஒரு சிட்டிகைத் தீவனம் போடுகிறேன். அக்கா மகனுக்குச் சிரிப்பு. "யாருக்கு மாமா சாப்பாடு?" பாக்டீரியாவுக்கு. தீவனம் அழுகினால் அம்மோனியா. அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது ஓரளவு வரை பரவாயில்லை; நீர் மாற்றினால் போய்விடும். இந்தப் பாக்டீரியா டிரம்முக்குள் குடியேற ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். தெரிந்த மீன் கடைக்காரர் தன் தொட்டியின் அழுக்குப் பஞ்சு ஒன்றைப் பையில் கட்டிக் கொடுத்தார். அந்தப் பழுப்புச் சாற்றை டிரம்முக்குள் பிழிந்துவிட்டேன். கடையில் இதைவிட நல்ல சரக்கு எதுவும் இல்லை, விலையும் இல்லை.

30 மார்ச்

குளத்து நீரைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அம்மோனியாச் சோதனைச் சொட்டு மருந்து விட்டால் பச்சையாகிறது. அம்மோனியா இல்லையென்றால் மஞ்சளாக நிற்க வேண்டும். நைட்ரைட் குழாய் கத்தரிப்பூ நிறம், அது வெளிர்நீலமாக வேண்டும். காத்திருக்கிறேன்.

13 ஏப்ரல்

அம்மோனியா மஞ்சள். நைட்ரைட் வெளிர்நீலத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. குளமோ பாசிப்பயறு தண்ணீர் போலப் பச்சை. பக்கத்து வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னார். போட்டால் பாசி சாகும், டிரம்முக்குள் நான் ஒரு மாதமாகச் சோறு போட்டு வளர்த்ததும் சேர்ந்து சாகும். வெயிலைக் குறைத்துப் பாசியை அடக்கப் பச்சை நிழல்வலை கட்டினேன், 900 ரூபாய்.

27 ஏப்ரல்

கொளத்தூர். சென்னையில் அலங்கார மீன் என்றால் வேறு எங்கே போவது? பாலித்தீன் பைகள் வரிசையாகத் தொங்க, ஒவ்வொன்றிலும் நான்கைந்து சிவப்பும் வெள்ளையும்.

'ஜப்பான் கோய்' என்று எல்லாக் கடையிலும் எழுதியிருக்கிறது. பெரும்பாலும் இங்குள்ள பண்ணைகளில் பொரித்தவை. எனக்கு அதுவே வசதி, நம் நீருக்குப் பழகியவை. மூதாதையர் ஜப்பானின் நீகாட்டா மலைக் கிராமத்துக் கெண்டைகள். பனிக்காலத்தில் சாப்பிடுவதற்காக வயல் குளங்களில் வளர்த்தவற்றில் நிறம் தட்டியதைப் பிரித்து வளர்த்தார்கள். 1914 டோக்கியோ கண்காட்சிக்குப் பிறகுதான் வெளியுலகம் திரும்பிப் பார்த்தது. வெள்ளையில் சிவப்பு என்றால் கோஹாகு.

ஒரு கடையில் பொன்மீனைக் கோய் என்று காட்டினார்கள். வாயோரம் பார்த்தேன், மீசை இல்லை. கோய்க்கு இரண்டு ஜோடி மீசை உண்டு. பேசாமல் அடுத்த கடைக்கு நடந்தேன். முதுகு நேராக, துடுப்பு விரிந்து, மற்றவற்றோடு சேர்ந்து திரிகிற ஆறு குஞ்சுகள், ஒன்று 250. மூலையில் தனியாக மிதந்தது அழகாகத்தான் இருந்தது. வாங்கவில்லை.

வந்ததும் குளத்தில் விடவில்லை. தனியாக ஒரு டிரம், லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு, ஒரு காற்றுக் குழாய். நோய் ஏதும் இருந்தால் தெரியட்டும் என்று மூன்று வாரம் அங்கேதான்.

18 மே

விட்டாயிற்று. டிரம் நீரையும் குளத்து நீரையும் ஒரு வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கினோம். இறங்கியதும் ஆறும் ஆழமான மூலைக்குப் போய்விட்டன. அக்கா மகனுக்கு ஏமாற்றம். டால்பின் மாதிரி துள்ளும் என்று நினைத்திருப்பான் போல.

மின்வெட்டு வந்தால் மோட்டார் நிற்கும். அதற்காகக் காற்று மோட்டார் மட்டும் இன்வெர்ட்டரில்.

8 ஜூன்

கரையில் மடையான். நிற்கும்போது மண்நிறம், பறந்தால்தான் வெள்ளை தெரிகிறது. ஒரு கால் பிளாக்கின் மேல், கழுத்து தோளுக்குள், அலகு நீரை நோக்கி. நான் பின்கதவைத் திறந்தும் அசையவில்லை. எண்ணிப் பார்த்தேன், ஆறும் உண்டு. நான்கடி ஆழமும் செங்குத்துச் சுவரும் காப்பாற்றின. மாலையே நைலான் வலை, 400 ரூபாய்.

இதுவரை மொத்தம் 22,580.

22 அக்டோபர்

தீபாவளிப் புகை அடங்குவதற்குள் மழை. வழிகால் குழாய் வேலை செய்கிறது, வலை தாங்குகிறது. மழைக்காலத்தில் குளத்தை முழுவதும் இறைக்கக் கூடாது. நிலத்தடி நீர் மேலே வந்தால் பாயை அடியிலிருந்து தூக்கிவிடும். உள்ளிருக்கும் நீரின் எடைதான் அதை அமுக்கி வைத்திருக்கிறது. முதல் டிரம்மை மட்டும் வாரம் ஒருமுறை திறந்துவிடுகிறேன். அந்தக் கறுப்பு நீர் கறிவேப்பிலைக்குப் போகிறது.

அக்கா மகன் ஏழாவது மீன் கேட்கிறான், கறுப்பு கலந்தது. மீனுக்கு 1,000 லிட்டர் என்று பார்த்தால் ஆறுதான் கணக்கு, மிச்சம் 800 லிட்டர். "அது சின்ன மீன்தானே மாமா" என்கிறான். இரண்டு வருடத்தில் அது அவன் முழங்கை நீளம் வரும். பொங்கல் வரை யோசிக்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.