780 சேனல்: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 3
ஃப்ளோ சைட்டோமீட்டரின் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு, வரும் ஒளியை அளக்கும் கருவி) காலைச் சோதனை பாஸ். திரை முழுக்கப் பச்சை. ஆனால் சிவப்பு லேசரின் 780 சேனலுக்கு, அதாவது 780 நானோமீட்டர் ஒளியைப் பிடிக்கும் டிடெக்டருக்கு, வோல்டேஜ் 618. ஜனவரி பேஸ்லைனில், அதாவது ஒப்பீட்டுக்குக் குறித்துவைத்த அளவில், 600.

மென்பொருளுக்கு இது ஒரு குறையே அல்ல. பீட்டின் (ஒளிரும் சோதனை மணி) மீடியனை, அதாவது நடு அளவை, குறித்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் அதற்கு இட்ட வேலை. எத்தனை வோல்ட் கொடுத்து நிறுத்தியது என்பதை நாம் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.

18 வோல்ட் என்றால் 3 சதவீதம். ஆனால் பி.எம்.டி.யின் (ஒளியை மின் சைகையாக்கிப் பெருக்கும் டிடெக்டர்) உள்ளே எலக்ட்ரான்கள் டைனோடுக்கு டைனோடு, தகட்டுக்குத் தகடு, பெருகிப் போவதால் கெயின், அதாவது பெருக்கம், வோல்டேஜோடு நேராக ஏறாது. இந்த ரகத்தில் ஏறத்தாழ ஏழாம் அடுக்கில் ஏறும். 1.03ஐ ஏழு முறை பெருக்கினால் 1.23. அப்படியானால் டிடெக்டருக்கு வந்துசேர வேண்டிய ஒளியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வழியில் எங்கோ நின்றுவிடுகிறது.

ஜூன் 10
621.

ஜூன் 12
லேசர் மங்கியிருந்தால் அதன் கீழே உள்ள 660 சேனலும் கூடவே இறங்கியிருக்கும். 660 அசையவில்லை. லேசர் டிலே (ஒரு லேசரிலிருந்து அடுத்ததற்குச் செல் வர ஆகும் நேரம்) அதே எண். ஃப்ளோ செல்லில் குமிழி இருந்தால் எல்லா சேனலிலும் சி.வி. (அளவுகளின் சிதறல் சதவீதம்) விரியும், அதுவும் இல்லை. டேண்டம் சாயம் (இரண்டு சாயங்களைப் பிணைத்தது) சிதைந்ததா என்ற கேள்விக்கே இடமில்லை, ஓடுவது வெறும் பீட். பீட் லாட்டும் (தயாரிப்புத் தொகுதி) மாறவில்லை.

மிச்சம் மூன்று: 735 லாங்பாஸ் கண்ணாடி (735 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை மட்டும் விடுவது), அதன் பின்னால் உள்ள 780/60 ஃபில்டர் (780ஐ நடுவாகக் கொண்ட 60 நானோமீட்டர் பட்டையை விடுவது), பி.எம்.டி. கடைசியாக இருப்பதுதான் விலை அதிகம். ஆகவே அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஜூன் 19
629. அறிக்கையில் இன்னும் பாஸ்.

ஜூன் 20
"வோல்டேஜ் ஏறி ஈடு கட்டிவிடுகிறதே, பிறகென்ன?" இந்தக் கேள்வி எல்லா லேபிலும் வரும்.

ஈடு கட்டவில்லை. உச்சி பழைய இடத்துக்கு வரும், அகலம் வராது. ஃபோட்டோகேத்தோடிலிருந்து (பி.எம்.டி.யில் ஒளி பட்டதும் எலக்ட்ரானை விடும் முகப்பு) ஒரு செல்லுக்கு 100 எலக்ட்ரான் கிளம்பினால் எண்ணிக்கையின் இயல்பான சிதறல் 10 சதவீதம்; 60 மட்டும் கிளம்பினால் 13. அதற்குப் பிறகு எவ்வளவு பெருக்கினாலும் அந்த 13 அப்படியே பெருகும். எட்டாத வானொலி நிலையத்தின் ஒலியைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறுகிற கதை. அதிலும் 780 நானோமீட்டரில் ஃபோட்டோகேத்தோடு ஏற்கெனவே மந்தம். ஒளி கொட்டிக் கிடக்கிற பச்சை சேனல் தாங்கும், இது தாங்காது.

ஜூலை 2
642. இப்போது அதே ஏழாம் அடுக்குக் கணக்கில் 1.6. ஐந்தில் இரண்டு பங்கு ஒளி போய்விட்டது. மங்கல் பீட்டின் ஆர்.சி.வி. (ஓரிரு விலகிய அளவுகளால் ஏமாறாத சி.வி.) பேஸ்லைனில் 19, இன்று 23. இந்த எண்ணைத்தான் தினமும் வரைபடத்தில் வைக்க வேண்டும். பாஸ், ஃபெயில் என்பதெல்லாம் அடுத்த நிலை.

ஜூலை 3
மாற்றிப் போடும் சோதனை. நீல லேசர் பக்கத்திலும் இதே 780/60 ஃபில்டர் இருப்பது வசதி.

முதலில் இரண்டு 780 சேனல்களின் வோல்டேஜையும் கையால் பூட்டவும். மென்பொருள் தானாகச் சரிசெய்தால் ஒன்றும் தெரியாது. பீட் ஓட்டி மீடியன்களைக் குறிக்கவும். கருவியை அணைத்துவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். உயர் வோல்டேஜ் இருக்கும்போது அறை விளக்கு பி.எம்.டி.யின் மேல் விழுந்தால் அது கெட்டே போகலாம், தப்பினாலும் இருள் மின்னோட்டம் (ஒளி இல்லாதபோதும் ஓடுவது) அடங்க நேரமாகும். ஃபில்டர்களைச் சட்டத்தோடு எடுத்து, எந்தப் பக்கம் ஒளியைப் பார்த்ததோ அதே பக்கமாக எதிரெதிரே பொருத்தவும். கண்ணாடியில் விரல் படக்கூடாது. மறுபடி இயக்கி, அரை மணி நேரம் சூடேறவிட்டு, அதே குழாயிலிருந்து அதே பீட்.

சிவப்பு 780 ஏறியது. நீல 780 இறங்கியது. குறை ஃபில்டரோடு போய்விட்டது. பி.எம்.டி. நிரபராதி.

ஃபில்டரை வெளிச்சத்தில் பிடித்தால் ஓரத்திலிருந்து உள்ளே பரவும் திட்டுகள். ஒட்டுப் படலம் வைத்த பழைய ரகம். ஓரம் வழியாக ஈரம் ஏறும். ஆல்கஹாலில் துடைத்தால் போகும் அழுக்கு அல்ல இது.

ஜூலை 4
புதியது வரும்வரை கெட்ட ஃபில்டர் எந்தப் பக்கம்? மறுபடி சிவப்புக்கே. அங்கே இருப்பது சி.டி.45 (வெள்ளணுக்களின் மேலுள்ள புரதம்), லிம்ஃபோசைட்டில் ஒளி தாராளம், இழப்பைத் தாங்கும். நீல 780இல் மங்கலான மார்க்கர் இருக்கிறது. காம்பன்சேஷன் (ஒரு சாயத்தின் ஒளி அடுத்த சேனலில் கசிவதைக் கழிக்கும் கணக்கு) புதிதாகப் போட வேண்டும். ஃபில்டரைத் தொட்டாலும் வோல்டேஜைத் தொட்டாலும் அந்தக் கணக்கின் பழைய அணி (மேட்ரிக்ஸ்) செல்லாது.

ஜூலை 8
நீலப் பக்க ஃபில்டரும் அதே வயது. இரண்டு கேட்டதற்கு ஒன்றுக்குத்தான் அனுமதி.

ஜூலை 15
வந்தது. கடினப் பூச்சு ரகம். ஒட்டு இல்லை, பழையதை விட அதிகம் கடத்தும். ஆகவே ஜனவரியின் 600 இனி ஒப்பீட்டுக்கு உதவாது. புது பேஸ்லைன்.

அதற்கு முன் வோல்டேஜ் நடை, அதாவது சரியான வோல்டேஜைப் படிப்படியாகத் தேடுவது: 350இலிருந்து 750 வரை, 50 வோல்ட் படிகளில், சாயம் ஏற்றாத லிம்ஃபோசைட்டுகளோடு. மின்னணு இரைச்சலின் எஸ்.டி. (திட்டவிலக்கம்) 18. நெகட்டிவ் கூட்டத்தின் (சாயம் ஏறாத செல்கள்) எஸ்.டி. அதைப் போல் இரண்டரை மடங்காவது, அதாவது 45, இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மங்கலான செல்களின் அகலத்தைக் கருவியின் இரைச்சலே தீர்மானிக்கும். 500இல் 31. 550இல் 52. அதற்கு மேல் ஏற்றினால் நெகட்டிவும் பாசிட்டிவும் (சாயம் ஏறியவை) சேர்ந்தே நகர்கின்றன, இடைவெளி கூடவில்லை. மேல் எல்லையையும் பார்த்தாயிற்று: முழு அளவு 2,62,144, 550இல் சி.டி.45 ஒரு லட்சத்தைத் தாண்டவில்லை.

550.

ஜூலை 16
மங்கல் பீட் ஆர்.சி.வி. 18.

ஜூலை 18
புது பீட் லாட் வந்திருக்கிறது. அதன் மதிப்புக் கோப்பை ஏற்றாமல் ஓட்டினால் எல்லா சேனலும் ஒரே நாளில் நகர்ந்ததுபோல் காட்டும். பழைய லாட்டும் புதியதும் ஒரே காலையில், வோல்டேஜைத் தொடாமல், அடுத்தடுத்து ஓட வேண்டும். பழைய குப்பியில் மிச்சம் ஒரு ஓட்டத்துக்குத்தான் வரும்போலிருக்கிறது.