கம்ப்யூட்டருக்குப் புரட்டாசி தெரியாது

பெரம்பூரில் ஒரு சிக்கன் கடையில் கவுன்டர் பையனாகச் சேர்ந்து நாலு வருஷம் கழித்து, ஒரு ஆகஸ்டில் என்னை அசிஸ்டென்ட் மேனேஜர் ஆக்கினார்கள். அதே கடை, அதே ஃப்ரையர். சட்டையின் நிறம் மாறியது, இடுப்பில் சாவிக்கொத்து ஏறியது. "பையன் ஏ.எம். ஆயிட்டான்" என்று அம்மா வியாசர்பாடியில் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். பாதிப் பேர் நான் ஏதோ பேங்கில் ஏ.எம். என்று இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பயிற்சியெல்லாம் பெரிய கஷ்டமில்லை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மேற்பார்வையாளர் பயிற்சி ஒரு நாள். 25 பேர் வேலை செய்தால் அதை முடித்த ஒருவராவது இருக்க வேண்டும் என்பது விதி. எண்ணெய்க்கு மீட்டர் உண்டு. கம்பியை முக்கினால் போலார் காம்பவுண்டு, அதாவது திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் சேரும் கெட்டுப்போன பொருள், எத்தனை சதவீதம் என்று காட்டும். 25-ஐத் தாண்டினால் அந்த எண்ணெயில் பொரிக்கக் கூடாது, பயோடீசலுக்கு எடுப்பவர்களிடம் கொடுத்துவிட வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 18, பொரித்த துண்டின் உள்ளே குறைந்தது 74 டிகிரி. இதெல்லாம் மனப்பாடம் செய்தால் வந்துவிடும்.

வராதது ஆர்டர் போடும் வேலை. கடை மூடிய பிறகு, பன்னிரண்டரை மணிக்கு ஜெர்க்கின் மாட்டிக்கொண்டு வாக்-இன் சில்லர் என்கிற குளிர் அறைக்குள் போய்க் கோழியை எண்ண வேண்டும். வெளியே வந்து நாளை மறுநாளுக்கு எத்தனை வேண்டும் என்று சிஸ்டத்தில் போட வேண்டும். போன நாலு வாரத்தில் அதே கிழமையில் விற்றதைச் சராசரி பார்த்து சிஸ்டமே ஒரு எண் சொல்லும். செப்டம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு ஞாயிறுக்கு 140 கோழி என்றது. நானும் ஓகே அழுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

ஞாயிறு காலை பெட்டிகள் இறங்கும்போது, பின்கட்டில் மசாலா பிரட்டும் அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். ஜூலை வரை என்னைத் தம்பி என்று கூப்பிட்டவர். "இன்னா சார், இத்தினி வந்துகீது? புரட்டாசி பொறந்து மூணு நாளாச்சே."

எங்கள் வீட்டில் வேதக்காரர்கள், கிறிஸ்தவர்கள். தவக்காலம் தெரியும், புரட்டாசி பக்கத்து வீட்டு விஷயம். நாலு வருஷம் கவுன்டரில் நின்றவனுக்குத் தெரியாதா என்று கேட்கலாம். நின்றேன்தான். செப்டம்பர் பாதிக்கு மேல் கூட்டம் குறையும், அப்பாடா என்று இருக்கும். ஏன் என்று யார் கணக்குப் பார்த்தார்கள்?

அன்றைக்கு 80 கோழிகூடப் போகவில்லை. அடுத்தடுத்த நாள் ஆர்டரைக் குறைத்தும் தீரவில்லை. புதன் இரவு 38 கோழிக்குத் தேதி முடிந்தது. ஒரு கோழிக்கு ஒன்பது துண்டு, மொத்தம் 342. எண்ணி வேஸ்டேஜ் ஷீட்டில் எழுதி, கறுப்புக் கவரில் கொட்டி, யாரும் எடுத்துச் சமைத்துவிடாதபடி மேலே ஃபினாயில் ஊற்ற வேண்டும். ஊற்றினேன். கவருக்குள் வெள்ளையாக நுரைத்தது. மசாலா வாசனையும் ஃபினாயில் வாசனையும் கலந்து வந்த நெடி ரெண்டு நாள் மூக்கில் இருந்தது. கேட்டில் வாட்ச்மேன் தாத்தா பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் "தேதி முடிஞ்சிடுச்சு தாத்தா" என்றேன்.

மறுநாள் ஒரு லாங் சைஸ் நோட்டு வாங்கினேன். அக்காவிடமும், டெலிவரிப் பையன்களிடமும் கேட்டுக் கேட்டு எழுதினேன். புரட்டாசி சனிக்கிழமை படுமோசம். கார்த்திகையில் மாலை போட்ட வீட்டிலிருந்து ஆர்டர் வராது. ஆடி ஞாயிறு கூழ் ஊற்றினால் வீட்டிலேயே கருவாட்டுக் குழம்பு, யாரும் பர்கர் தேடி வரமாட்டார்கள். ரம்ஜான் மாதம் வண்ணாரப்பேட்டைப் பக்கத்து ஆர்டரெல்லாம் நோன்பு திறந்த பிறகு ராத்திரியில் குவியும். பெருமழை என்றால் கணேசபுரம் சுரங்கப்பாதை நிரம்பிவிடும். பைக் சுற்றிப் போக வேண்டும், டேப்லெட்டில் கேன்சல் மேல் கேன்சல் விழும்.

சரி, இதைச் சிஸ்டத்துக்கு எப்படிச் சொல்வது? எண்ணைக் குறைத்தால் காரணம் கேட்கும். மழை, சாலை மறியல், உள்ளூர் நிகழ்ச்சி என்று ஒரு பட்டியல். புரட்டாசிக்கு இடமில்லை. மாதம் முழுக்க 'உள்ளூர் நிகழ்ச்சி' என்றே அழுத்தினேன். ஏரியா மேனேஜர் போன் செய்து, "அப்படி என்னப்பா ஒரு மாசமா நிகழ்ச்சி?" என்றார். பெருமாள் நிகழ்ச்சி சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஆனால் வேஸ்டேஜ் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்ததால் விட்டுவிட்டார்.

அசல் சோதனை ஐப்பசியில். நாலு வாரம் விற்காததைப் பார்த்துப் பார்த்து சிஸ்டமும் விரதத்துக்குப் பழகிவிட்டது. முதல் ஞாயிறுக்கு 85 போதும் என்றது. அக்காவிடம் கேட்டேன், 180 என்றார். ஒரு மாதம் நாக்கைக் கட்டிப்போட்டவர்கள் எல்லாரும் அன்றைக்குத்தான் வருவார்கள் என்பது அவர் கணக்கு. எனக்கு ஃபினாயில் ஞாபகம் வந்தது. 160 போட்டேன்.

ஏழு மணிக்கே வரிசை கண்ணாடிக் கதவைத் தாண்டிவிட்டது. கடையில் வேலை செய்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்ற 2021 சட்டத்துக்குப் பிறகு கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் போட்டிருக்கிறோம். அன்றைக்கு அதன்மேல் பார்சல் பைகள்தான் உட்கார்ந்திருந்தன. ஒன்பதே முக்காலுக்கு, பொரித்ததைச் சூடாக வைக்கும் ஹோல்டிங் கேபினட்டில் வெளிச்சம் மட்டும் எரிந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றவர், "சிக்கன் கடைல சிக்கன் இல்லன்னா இன்னாபா அர்த்தம்?" என்று கத்தினார். நான் கை கூப்பிக்கொண்டு நின்றேன்.

பின்கட்டிலிருந்து மாவுக் கையோடு அக்கா எட்டிப் பார்த்தார். "நான் நூத்தியெம்பதுன்னு சொன்னேன்ல தம்பி?"