ஞாயிற்றுக்கிழமை ஜோலி

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "தம்பி என்ன பண்றீங்க" என்றால் பேங்க்கில் என்பேன், அடுத்து எந்தக் கிளை, என்ன போஸ்ட், சொந்த வீடா என்று வரிசையாக வரும். ஒருமுறை மட்டும் வாய் சும்மா இல்லாமல், லீவு நாளில் பாறைக் கல்வெட்டு பார்க்கப் போவேன் என்று சொல்லிவிட்டேன். "அதுல என்ன வருது?" என்றார், ரசத்துக்குக் கையைக் குழித்தபடி. ஒண்ணும் வராதுங்க.

போன வாரம் கரூர் பக்கம் புகழூர் ஆறுநாட்டார்மலை. வெயில் சாய்வாக விழுகிற நேரத்தில்தான் எழுத்து தெரியும், உச்சிவெயில் வந்துவிட்டால் வெறும் பாறைதான், அதனால் விடியற்காலையிலேயே ஏறிவிட்டேன். சமணத் துறவிகளுக்காக வெட்டிய கல்படுக்கைகள். அவற்றின் மேல் காதலர்கள் கீறிய பெயர்கள், நடுவில் கூட்டல் குறி. தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் 'க' எழுத்தும் அச்சு அசல் கூட்டல் குறிதான்! சேர அரசர் பெயரில் வரும் 'கடுங்கோ'வின் முதல் எழுத்து எது, யாரோ ஒருவரின் காதல் எது என்று கொஞ்ச நேரம் குழம்பித்தான் போனேன்.

இங்கே உள்ள கல்வெட்டில் சேர அரசர்கள் மூன்று தலைமுறை வருகிறார்கள். பதிற்றுப்பத்தின் கடைசிப் பத்துகளில் பாடப்பட்டவர்களோடு பொருந்துகிறவர்கள் என்று 1965இல் வாசித்துச் சொன்னவர் ஐராவதம் மகாதேவன். பேராசிரியர் இல்லை, ஐ.ஏ.எஸ். அதிகாரி. நம் வீடுகளில் அதற்கு மேல் ஒரு பதவி உண்டா என்ன? நான் அந்தப் பரீட்சையை இரண்டு தடவை எழுதித் தோற்றவன், அம்மாவுக்கு இன்னும் அந்த ஆதங்கம் போகவில்லை. அவரோ அங்கே போய் உட்கார்ந்த பிறகும் குகை குகையாக ஏறியிருக்கிறார்.

வேலையை விட்டுட்டு மனசுக்குப் பிடிச்சதைச் செய் என்று யூடியூபில் யாராவது ஆரம்பித்தால் எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். புகழூருக்குப் பிறகும் அவர் பத்து வருடத்துக்கு மேல் பணியில் இருந்தார். சிந்து எழுத்துகள் எங்கெங்கே வருகின்றன என்று அவர் தொகுத்த தொடரடைவு 1977இல் வந்தது. விருப்ப ஓய்வெல்லாம் அப்புறம். நடுவில் தினமணி ஆசிரியராகவும் இருந்தார். தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைப் பற்றிய பெரிய புத்தகம் வந்தது 2003இல், 70 வயதைத் தாண்டி. எத்தனை வருடம் பாருங்கள், ஒரே கோடுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு.

என்னை அவரோடு வைத்துப் பேசவில்லை, நான் புதிதாக ஒரு எழுத்தைக்கூடக் கண்டுபிடிக்கப் போவதில்லை. பிறவிப்பயன் என்றெல்லாம் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் திங்கட்கிழமை கவுன்டரில் உட்கார்ந்து சலான் பார்க்கும்போது, நேற்று விரலால் தடவிய 'கோ' எப்படி இருந்தது என்று ஓரத்தில் கிறுக்கிக்கொண்டிருக்கிறேன், மேனேஜர் இரண்டு தடவை பார்த்துவிட்டார்.

ஒரு வரியின் கடைசி எழுத்து மட்டும் சரியாகப் பிடிபடவில்லை. அடுத்த ஞாயிறு முதல் பஸ்ஸைப் பிடிக்கணும். அம்மா போனில் சொன்னாள்: "கலெக்டர் ஆகலைன்னா பரவாயில்லடா, அந்த ஒரு நாளாவது வீட்ல இருக்கலாம்ல?"