கிளேஸ் பூசிய சால்மனும் பச்சைக் காய்களும்: ஏர் ஃபிரையரில் செய்து பார்த்தது

ஏர் ஃபிரையரில் சாதாரண மீன் வறுவல் செய்வது பெரிய வேலையே இல்லை. உப்பு, மிளகு, கொஞ்சம் எண்ணெய் தடவி 200 டிகிரியில் வைத்தால் அது பாட்டுக்கு வெந்துவிடும். மேலே இனிப்பும் உப்புமாகப் பளபளவென்று ஒட்டி நிற்கிற கிளேஸ் மீன்தான் பிடிகொடுக்காமல் இருந்தது. அதே கூடையில் பச்சைக் காய்களும் வேக வேண்டும், வெந்த பிறகும் பச்சையாகவே இருக்க வேண்டும் என்று ஆசை வேறு. சில வாரங்களாக விட்டு விட்டு இதையே செய்து பார்க்கிறேன். இப்போது ஒரு வழி படிந்திருக்கிறது. படியாத இடமும் உண்டு.

மீன் சால்மன், தோலோடு. எடையை விடக் கனம்தான் முக்கியம். நடுவில் சுமார் 2.5 செ.மீ. கனமுள்ள துண்டுகளை எடுத்துக்கொள்கிறேன். வால் பக்கத்துத் துண்டு ஒரு முனையில் மெலிந்து போவதால், மறுமுனை வேகும்போது அது காய்ந்துவிடுகிறது. அந்த மெலிந்த முனையை அடியில் மடித்து வைத்தால் ஓரளவு சரியாகும். சால்மனில் கொழுப்பு அதிகம் என்பதால் ஒரு நிமிடம் கூடினாலும் தாங்கும். காட் மாதிரியான கொழுப்பில்லாத வெள்ளை மீன் அந்தச் சலுகையைத் தராது.

கிளேஸைப் பொறுத்தவரை என்ன போடுகிறோம் என்பதை விட எப்போது பூசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஒரே கனமுள்ள இரண்டு துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். ஒன்றுக்குத் தொடக்கத்திலேயே கிளேஸ். இன்னொன்றைச் சும்மா வேகவிட்டு, கடைசி மூன்று நிமிடத்தில் பூசினேன். வெப்பமும் நேரமும் இரண்டுக்கும் ஒன்றே.

முதல் துண்டில் கிளேஸ் நிற்கவே இல்லை. மீன் சூடேறும்போது தண்ணீர் விடுகிறது. அந்தத் தண்ணீரில் கிளேஸ் நீர்த்து, பக்கவாட்டில் வழிந்து, ஓரத்தில் மெல்லிய கோடாகத் தேங்கிக் கருகிவிட்டது. நடுப்பகுதியில் நிறமே ஏறவில்லை. ஒரே துண்டில் ஓரம் கசப்பு, நடு சப்பென்று. இரண்டாவது துண்டில், பூசும் நேரத்துக்குள் மேற்பரப்பு உலர்ந்து லேசாகச் சொரசொரத்திருந்தது. பிரஷ் பட்டதும் கிளேஸ் அந்தச் சொரசொரப்பைப் பிடித்துக்கொண்டது. அரை நிமிடத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன. குமிழிகள் அடங்கியபோது அடர்ந்த தேன் நிறத்தில் ஒரு படலம், விரலால் தொட்டால் லேசாக ஒட்டுகிற பதத்தில்.

காரணம் எளிதுதான். ஏர் ஃபிரையர் என்பது ஒரு சின்ன கன்வெக்‌ஷன் ஓவன், அதாவது சூடான காற்றைச் சுழலவிடுகிற அடுப்பு. சூடேறும் கம்பிச்சுருள் மேலே இருக்கிறது, விசிறி அந்தச் சூட்டை நேராக உணவின் தலையில் அடிக்கிறது. சாதாரண சர்க்கரை 160 டிகிரி வாக்கில்தான் கேரமலாக, அதாவது உருகிப் பழுப்பாக ஆரம்பிக்கும். தேனில் நிறைய இருக்கும் ஃபிரக்டோஸுக்கு 110 டிகிரியே போதும். 200 டிகிரிக் காற்றில் தேனைப் பத்து நிமிடம் விட்டால் கருகாமல் என்ன செய்யும்? 2010-இல் பிலிப்ஸ் முதன்முதலில் ஏர்ஃபிரையரை அறிமுகப்படுத்தியபோது அதைக் குறைந்த எண்ணெயில் உருளைக்கிழங்கு வறுக்கிற கருவி என்றுதான் முன்னிறுத்தினார்கள். உருளைக்கிழங்கு, ரொட்டித்தூள் பூசிய கோழி போன்ற, மேலே உலர்ந்த பண்டங்களுக்கு இது அச்சாகப் பொருந்தும். ஈரமான, இனிப்பான பூச்சுக்கு நாம்தான் கொஞ்சம் வளைந்து கொடுக்க வேண்டியிருக்கிறது.

நான் வைத்திருக்கும் கிளேஸ் அளவு இரண்டு துண்டுகளுக்கு: சோயா சாஸ் இரண்டு மேசைக்கரண்டி, தேன் ஒன்றரை மேசைக்கரண்டி, வினிகர் ஒரு தேக்கரண்டி, துருவிய இஞ்சி கொஞ்சம், நசுக்கிய பூண்டு ஒரு பல். சின்ன வாணலியில் மெல்லிய தீயில் சுண்டவிட வேண்டும். கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் ஒரு கோடு இழுத்தால், கோடு உடனே மூடிக்கொள்ளாமல் நிற்க வேண்டும். அதுதான் பதம். ஆறும்போது இன்னும் கெட்டியாகும் என்பதால் அதற்கு மேல் சுண்டவிடக் கூடாது. பதம் வந்ததும் வடிகட்டிவிடுவேன். பூண்டுத் துணுக்கு மீன்மேல் உட்கார்ந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் கருகுவது அதுதான், கசப்பும் அதிலிருந்துதான் வருகிறது.

சுண்டவைக்கப் பொறுமை இல்லாத நாட்களில் அரை தேக்கரண்டி சோள மாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றிப் பார்த்தேன். சட்டென்று கெட்டியாகிறது, மினுமினுப்புக்கும் குறைவில்லை. ஆனால் ஆறியதும் ஜெல்லி மாதிரித் தனியாகக் கழன்று வருகிறது. எனக்குச் சுண்டியதுதான் பிடித்திருக்கிறது. கடுகு பேஸ்ட்டும் தேனும் சேர்த்துக் கலக்கியது எதிர்பாராமல் நன்றாக வந்தது. கடுகு தேனை வழியவிடாமல் பிடித்துவைக்கிறது, அடுப்பில் வைத்துச் சுண்டவிடும் வேலையும் மிச்சம். மிசோ என்கிற ஜப்பானியப் புளித்த சோயா விழுது சேர்த்த கிளேஸ் ருசியில் முதலிடம், ஆனால் புள்ளி புள்ளியாகக் கருகுகிறது. அதை மிக மெல்லியதாகப் பூச வேண்டும், வெப்பத்தையும் 180-க்கு இறக்க வேண்டும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. சரியாக வேகாத மீனைத் தொட்ட பிரஷ்ஷை கிளேஸ் கிண்ணத்தில் திரும்ப முக்கினால், அந்தக் கிண்ணத்தில் மிஞ்சியதைத் தட்டில் ஊற்றக் கூடாது. மேலே ஊற்றிக்கொள்ள வேண்டிய பங்கை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிடுவது நல்லது.

அப்புறம் அந்த வெள்ளைக் கசிவு. சால்மன் வேகும்போது பக்கவாட்டில் தயிர்த் திப்பி மாதிரி வெள்ளையாக ஏதோ வெளியே தள்ளுமே, அது அல்புமின் என்கிற புரதம். கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் கிளேஸுக்கு நடுவே எட்டிப் பார்த்தால் அசிங்கமாக இருக்கிறது. வெப்பத்தில் தசை இறுகும்போது அது பிதுங்கி வருகிறது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் உப்பு கரைத்து, மீனைப் பதினைந்து நிமிடம் அதில் ஊறவைத்தால் நன்றாகக் குறைகிறது, முழுக்க நிற்பதில்லை. ஊறிய மீனை கிச்சன் டவலால் அழுத்தி ஒற்றி எடுக்க வேண்டும், இதில் சோம்பல் கூடாது. மேலே ஈரம் இருக்கும்வரை சூடெல்லாம் அதை ஆவியாக்குவதிலேயே போய்விடும், நிறம் ஏறாது. உப்புத் தண்ணீரில் ஊறிய மீனுக்குத் தனியாக உப்பு வேண்டாம். சோயா சாஸ் வேறு வரப்போகிறது.

வெந்ததா என்று பார்க்க நான் தெர்மாமீட்டரை நம்புகிறேன். முள்கரண்டியால் கிளறி, இதழ் இதழாகப் பிரிகிறதா என்று பார்ப்பது பழைய வழி. அதில் தப்பில்லை, ஆனால் நம் கிளேஸ் படலம் கிழிந்துபோகும். அமெரிக்க வேளாண் துறை மீனின் உள்வெப்பம் 63 டிகிரி இருக்க வேண்டும் என்கிறது. நடுவில் 60-ஐத் தாண்டியதும் வெளியே எடுத்து ஓரிரு நிமிடம் வைத்தால் மீதி டிகிரிகள் தானாக ஏறிவிடுகின்றன. ஏறியதா என்று இன்னொரு தடவை குத்திப் பார்த்துவிட்டுத்தான் தட்டுக்குப் போகும்.

காய்களில் பீன்ஸும் புரோக்கோலியும் நிலைத்துவிட்டன. பீன்ஸ் தொல்லை தராத காய். எண்ணெயும் உப்பும் போட்டுப் புரட்டினால் எட்டுப் பத்து நிமிடத்தில் தோல் லேசாகச் சுருங்கி, உள்ளே மென்மையாக வந்துவிடும். புரோக்கோலிதான் அடம்பிடிக்கும். தண்டு நறுக்கென்று இருக்கும்போதே பூ கருகிப் பொடியாகிறது. பூவை வெட்டும்போது பெரிதாக விட்டு, தண்டின் தோலைச் சீவி மெல்லிய வில்லைகளாக நறுக்கினால் இரண்டும் ஒன்றாக வேகின்றன. கழுவிய தண்ணீரை முழுக்க உதறாமல் கொஞ்சம் விட்டு, எண்ணெயைக் கையால் பூவுக்குள் பிசிறினால் முதல் இரண்டு நிமிடம் ஆவியில் வேகிறது, பிறகுதான் வறுபடுகிறது. மீனுக்குச் சொன்னதற்கு நேர் எதிர்! கேல் கீரையையும் போட்டுப் பார்த்தேன். விசிறிக் காற்றில் இலைகள் பறந்து மேலே கம்பிச்சுருளில் போய் ஒட்டி, தீய்ந்த வாடை. மேலே ஒரு கம்பித் தட்டை வைத்து அழுத்தினால் ஒழிய அது வேண்டாத வேலை.

பச்சை நிறத்துக்கு எதிரி அமிலம். குளோரோஃபில் மூலக்கூறின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. சூடும் புளிப்பும் சேர்ந்தால் அது வெளியேறி, இலைப்பச்சை பழுப்பு கலந்த மங்கல் பச்சையாகிவிடும். ஆகவே எலுமிச்சைச் சாறு தட்டுக்கு வந்த பிறகுதான். வினிகர் கலந்த கிளேஸ் சொட்டிய பீன்ஸ் அந்த இடத்தில் மட்டும் மங்கிப் போவதைத் தெளிவாகப் பார்க்க முடிந்தது. மீனைச் சற்றே பெரிய ஃபாயில் துண்டின்மேல் வைத்து, ஓரங்களை மடித்துவிட்டால் சொட்டுவதில்லை. அடியில் காற்றுப் போகாததால் தோல் மொறுமொறுக்காது, உண்மைதான். தோல் ஃபாயிலிலேயே ஒட்டிக்கொண்டு சதை மட்டும் சுத்தமாக வந்துவிடுவதால் எனக்கு அது வசதியாகவே இருக்கிறது. பார்ச்மென்ட் தாளும் ஆகும். ஆனால் வெறும் தாளைப் போட்டு முன்சூடு செய்யக் கூடாது, அதுவும் பறந்து சுருளில் ஒட்டிப் பற்றிக்கொள்ளும்.

இப்போதைய வரிசை இதுதான். 200 டிகிரியில் மூன்று நிமிடம் முன்சூடு. பீன்ஸ் முதலில் தனியாக மூன்று நிமிடம். பிறகு பீன்ஸை ஓரத்துக்குத் தள்ளி, நடுவில் ஃபாயிலோடு மீன், சுற்றிலும் புரோக்கோலி, ஐந்து நிமிடம். கூடையை இழுத்து, காய்களைக் குலுக்காமல் இடுக்கியால் புரட்டிவிட்டு, மீனுக்கு முதல் பூச்சு. வெப்பத்தை 190-க்கு இறக்கி இரண்டு நிமிடம். மறுபடி ஒரு மெல்லிய பூச்சு, ஒரு நிமிடம். தடிமனாக ஒரே தடவை பூசுவதை விட மெலிதாக இரண்டு தடவை பூசினால் பளபளப்பு நன்றாக வருகிறது. எள் தூவுவதாக இருந்தால் இந்த இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே. கனமான துண்டென்றால் நடுவில் உள்ள ஐந்து நிமிடத்தைத்தான் கூட்டுவேன், கிளேஸ் நிமிடங்களைத் தொடமாட்டேன்.

கழுவும் வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சர்க்கரை படிந்த கூடையை ஆறவிடாமல் வெந்நீரில் ஊறப்போட்டால் போதும். கம்பி நாரால் தேய்த்தால் நான்ஸ்டிக் பூச்சு போய்விடும்.

நான்கு துண்டுகள் ஒன்றாக வைப்பதுதான் இன்னும் சரிப்படவில்லை. கூடை நெருக்கமானதும் ஆவி போக வழியில்லாமல், கடைசியில் பூசிய கிளேஸ்கூட ஈரமாகவே கிடக்கிறது. காய்களுக்கும் இடமில்லை. இப்போதைக்கு முதல் இரண்டு துண்டுகளைக் கிளேஸ் இல்லாமல் வேகவைத்து எடுத்து மூடி வைத்துவிட்டு, அடுத்த இரண்டு பூச்சுக் கட்டத்துக்கு வரும்போது நான்கையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறேன். மேற்பரப்பு ஏற்கெனவே உலர்ந்திருப்பதால் அந்த மூன்று நிமிட நெருக்கத்தைத் தாங்கிக்கொள்கின்றன. முதலில் வெந்தவை மட்டும் சற்றே கூடுதலாக வெந்துவிடுகின்றன. அடுத்த முறை அவற்றை 55 டிகிரியிலேயே வெளியே எடுத்துப் பார்க்கப் போகிறேன். திரும்ப உள்ளே போகும்போது 63 வந்துவிடும் என்றுதான் கணக்கு, வராவிட்டால் இன்னும் ஒரு நிமிடம்.