மரத்தரை வாங்கும்போது ஓரத்தைப் பாருங்கள்

எங்கள் அபார்ட்மெண்ட் எண்பதுகளில் கட்டியது. வீடு முழுக்க மொசைக். படுக்கையறையில் மட்டும் அது அங்கங்கே பெயர்ந்து, எத்தனை முறை சிமெண்ட் பூசினாலும் மறுபடி குழி விழுந்துகொண்டே இருந்தது. உடைத்துவிட்டு டைல்ஸ் போடலாம் என்று மேஸ்திரியிடம் கேட்டால், டைல்ஸ் விலையைவிட உடைக்கும் கூலி, உடைத்ததை மூட்டை கட்டி மூன்று மாடி இறக்கும் கூலி, தளத்தைச் சமப்படுத்தும் கூலி எல்லாம் சேர்ந்து அதிகமாக நின்றது. போதாததற்கு ஒரு வாரம் தூசியும் கீழ்வீட்டுக்காரரின் முகமும். அதனால்தான் லேமினேட் என்கிற, மரம் மாதிரித் தெரியும் பலகைத் தரையின் பக்கம் போனேன். மர ஆசை எனக்கு அவ்வளவாகக் கிடையாது, பழைய தரையின் மேலேயே போட்டுவிடலாம் என்பதுதான் என்னை இழுத்த விஷயம். ஏற்கெனவே நல்ல டைல்ஸ் இருக்கும் வீட்டில் அழகுக்காக மரத்தரை போடுவது வேறு கணக்கு. அது உங்கள் பணம், உங்கள் விருப்பம்.

கடையில் எல்லோரும் 'வுட்டன் ஃப்ளோரிங்' என்று ஒரே பெயரில் நான்கு வேறு பொருள்களை விற்கிறார்கள், முதலில் அதைப் பிரித்துக்கொள்ள வேண்டும்.

லேமினேட் என்பது எச்டிஎஃப் என்கிற, மரநாரை அழுத்திச் செய்த பலகை. அதன் மேல் மரத்தின் புகைப்படம் அச்சடித்த காகிதம், அதற்கும் மேலே அலுமினியம் ஆக்ஸைடு கலந்த மெலமைன் படலம், அடியில் பலகை வளையாமல் இருக்க இன்னொரு தாள். அவ்வளவுதான். ஸ்வீடனில் பெர்ஸ்டார்ப் என்ற நிறுவனம் 1977-ல் கண்டுபிடித்தது, பிறகு பெர்கோ என்ற பெயரில் உலகம் முழுக்கப் போனது. அந்தக் காலத்தில் பசை தடவித்தான் ஒட்டினார்கள். ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் கிளிக் லாக் தொண்ணூறுகளின் பிற்பாதியில்தான் வந்தது.

எஸ்பிசி என்பது சுண்ணாம்புக்கல் தூளும் பிவிசியும் கலந்த பலகை. மரமே கிடையாது. தண்ணீரில் ஊறாது, கரையானுக்கும் அதில் தின்ன ஒன்றுமில்லை. மூன்றாவது எஞ்சினியர்டு வுட், அடியில் பிளைவுட்டோ எச்டிஎஃப்போ, மேலே மட்டும் நிஜ மரம். நான்காவது முழு மரம், நம் ஊரில் அது பெரும்பாலும் தேக்கு.

தேக்குக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு கன அடி மரத்தை முக்கால் அங்குலப் பலகையாக அறுத்தால் தாளில் 16 சதுர அடி வரும். ரம்பம் தின்பதும் இழைப்பில் போவதும் கழித்தால் 12 கிடைத்தாலே நல்லது. கன அடி 3,000 ரூபாய் என்று வைத்தால்கூட மரத்துக்கு மட்டும் சதுர அடிக்கு 250 ஆகிறது, நல்ல தேக்கு அந்த விலைக்கு எங்கே கிடைக்கும்? அடிச்சட்டம், ஆசாரி கூலி, பாலிஷ் எல்லாம் தனி. செங்கோட்டை மர டிப்போக்களில் தெரிந்தவர் இருந்தால், அல்லது காரைக்குடிப் பக்கம் பழைய வீடு பிரித்த பர்மாத் தேக்கு கைக்கு வந்தால் யோசிக்கலாம். பழைய மரம் பல வருடம் காய்ந்து நின்றது என்பதால் புதுசைப் போலச் சுருங்கி இடைவெளி விடாது, பழைய ஆணியை எல்லாம் பிடுங்குவதற்கு மட்டும் ஆசாரிக்குப் பொறுமை வேண்டும்.

எஞ்சினியர்டு வுட் விற்கும்போது 'நிஜ ஓக் சார்' என்பார்கள். நிஜம்தான். ஆனால் அந்த ஓக் எவ்வளவு தடிமன் என்று கேளுங்கள். 0.6 மில்லிமீட்டர் என்றால் அது ஓக் தோல், ஒருமுறை இழைத்துப் புதுப்பிக்கக்கூட முடியாது. மூன்று, நான்கு மில்லிமீட்டர் இருந்தால் பின்னாளில் இழைத்து மறுபடி பாலிஷ் போடலாம், அப்போதுதான் நிஜ மரத்துக்குக் கொடுத்த கூடுதல் காசுக்கு அர்த்தம். மெல்லிய தோல் போட்டதை வாங்குவதற்குப் பாதி விலையில் நல்ல லேமினேட் வாங்கிவிடலாம் என்பது என் கட்சி. சென்னையில் பகலெல்லாம் கடல் ஈரம், இராத்திரி முழுக்க ஏசி என்று மரம் ஊதிச் சுருங்கிக்கொண்டே இருக்கும்.

ஆக நடுத்தர பட்ஜெட்டுக்கு மிச்சம் இருப்பது லேமினேட்டும் எஸ்பிசியும்.

இங்கே விற்பவர்கள் பேச்சு முழுக்க மேல்பக்கத்தைப் பற்றியே இருக்கும். ஏசி ரேட்டிங் என்று ஒன்று உண்டு (குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தேய்மானத்துக்கான ஐரோப்பிய அளவுகோல்). வீட்டுப் படுக்கையறைக்கு ஏசி 3 தாராளம், ஆள் நடமாட்டம் அதிகம் உள்ள இடத்துக்கு ஏசி 4. ஏசி 5 கடைக்கும் ஆபீஸுக்கும் ஆனது. அதற்குக் கூடுதலாகக் காசு கேட்டால் கொடுக்கத் தேவையில்லை. அடுத்தது தடிமன். 8 மில்லிமீட்டருக்கும் 12-க்கும் மேல் படலம் ஒன்றாகவே இருக்கலாம், 12 என்பதால் அதிக வருடம் உழைக்கும் என்று பொருள் இல்லை. நடக்கும்போது திண்ணென்று இருக்கும், டொக் டொக் சத்தம் குறையும், அது நிஜம். ஆனால் கதவை இன்னும் கொஞ்சம் சீவ வேண்டும்.

இந்தத் தரைகளுக்கு வாழ்நாள் முடிவது பெரும்பாலும் மேல்பக்கம் தேய்ந்து இல்லை. இணைப்பு வழியே தண்ணீர் இறங்கி ஓரம் உப்பித்தான். மேலே கீறல் விழாத படலம் இருந்து என்ன பயன், பலகைக்கும் பலகைக்கும் நடுவில் இருப்பது வெறும் மரநார். ஒருமுறை உப்பிய எச்டிஎஃப் காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. நம் வீடுகளில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள்: குளியலறை வாசல் மிதியடி, ஜன்னல் வழியே மழைச் சாரல், எல்லாவற்றுக்கும் மேலே ஸ்பிளிட் ஏசி. வடிகால் குழாய் அடைத்துக்கொண்டு சுவரோரமாக இராத்திரி முழுக்க ஒழுகும், காலையில் கட்டிலுக்கு அடியில் யார் பார்க்கிறார்கள்? உறவுக்காரர் வீட்டில் அப்படித்தான் ஒரு மூலை முழுக்கப் போனது. 25 வருட வாரண்டி அட்டையை எடுத்துப் படித்தால் தண்ணீர் தேங்கிய சேதம் சேராது என்று பொடி எழுத்தில் இருந்தது. இந்த வாரண்டிகள் முக்கியமாக மேல் படலம் தேய்வதற்குத்தான், அதாவது வீட்டில் நடக்க வாய்ப்பே குறைவான ஒன்றுக்கு.

அதனால் நான் செய்தது, கடைகளில் சாம்பிள் துண்டு கேட்டு வாங்கி ஒரு இராத்திரி பக்கெட் தண்ணீரில் போட்டு வைத்தது. வெட்டின துண்டு என்பதால் நாலு பக்கமும் உள்பலகை திறந்து கிடக்கும், நிஜத் தரையைவிட மோசமாகவே உப்பும், அது தெரிந்துதான் செய்தேன். ஒன்றோடொன்று ஒப்பிடத்தானே. மலிவான ஒன்று காலையில் பிஸ்கட் மாதிரி விரிந்திருந்தது. விலை அதிகமாகச் சொன்ன இன்னொன்றும் பெரிதாக வித்தியாசப்படவில்லை. இரண்டுக்கும் நடுவிலான விலையில் இருந்த ஒன்று, கிளிக் ஓரத்தில் மெழுகு தடவியது, கையால் தடவினால் மட்டுமே தெரியும் அளவுக்கு உப்பியிருந்தது. எஸ்பிசி அப்படியே இருந்தது, எதிர்பார்த்ததுதான்.

அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு எஸ்பிசி போடலாமே என்றால், அதற்கும் ஒரு பிரச்சினை உண்டு. நாலைந்து மில்லிமீட்டர்தான் இருக்கும், கல்தூள் அதிகம் என்பதால் விறைப்பாகவும் கொஞ்சம் நொறுங்கும் தன்மையோடும் இருக்கும், அடியில் குழி இருந்தால் நடக்க நடக்க அந்த இடத்தில் கிளிக் முறிந்துவிடும். என் அறைத் தரையின் பிரச்சினையே குழிதான், அதனால் லேமினேட்டிலேயே நின்றேன். தரை சமமாக இருக்கும் இடத்தில், சமையலறை ஒட்டிய பகுதியில், தண்ணீர் ஊற்றித் துடைக்கும் வீட்டில், கரையான் தொல்லை உள்ள தரைத்தளத்தில் எஸ்பிசிதான் சரி. மேல் படலம் 0.3 மில்லிமீட்டரா 0.5-ஆ என்று மட்டும் கேட்டு 0.5 வாங்குங்கள். மேற்கு வெயில் நேராக விழும் கண்ணாடிக் கதவுப் பக்கம் வேண்டாம், பிவிசி சூட்டில் விரியும்.

தரைத்தளத்துக்காரர்கள் எதைப் போட்டாலும் முதலில் ஒரு சோதனை: ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் தரையில் விட்டுப் பாருங்கள். அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம், அதைச் சரி செய்யாமல் லேமினேட் பக்கம் போக வேண்டாம்.

இனி விலை. 'சதுர அடி 110 சார்' என்பார்கள். எங்கள் அறை 11-க்கு 12, அதாவது 132 சதுர அடி. வெட்டுச் சேதாரம் எட்டு சதவீதம் சேர்த்தால் 143 வரும். ஆனால் பெட்டியை உடைத்துத் தர மாட்டார்கள், பெட்டிக்கு 20 சதுர அடி என்றால் எட்டுப் பெட்டி, 160 சதுர அடி, 17,600 ரூபாய். அடியில் விரிக்கும் ஃபோமும் ஈரத் தடுப்பு ஷீட்டும் பத்து ரூபாய் வீதம் 1,320. ஃபிட்டிங் கூலி 15 வீதம் 1,980. சுவரோர ஸ்கர்ட்டிங் 43 அடி, அடி 50 ரூபாய், 2,150. வாசல்படியில் பழைய தரையோடு சேரும் இடத்தை மூடும் ப்ரொஃபைல் பட்டை 400, கதவு சீவ 500. கூட்டினால் 23,950. அறையின் பரப்பால் வகுத்தால் சதுர அடி 181, வரியும் வண்டி வாடகையும் இன்னும் சேர்க்கவில்லை. இது எனக்குச் சொன்ன விலைகள், கடைக்குக் கடை மாறும், ஆனால் மாறாத விஷயம் என்னவென்றால் சதுர அடி 95 ரூபாய் என்று சொல்லும் கடைக்காரர் மற்ற செலவுகளில் ஏற்றியிருப்பார். எல்லாக் கடையிலும் அறைக்கு மொத்தம் எவ்வளவு என்று ஒரே கேள்வி கேளுங்கள், எழுதி வாங்குங்கள்.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம் ஸ்கர்ட்டிங். பழைய மொசைக் ஸ்கர்ட்டிங் நன்றாக இருந்தால் அதை விட்டுவிட்டு ஒரு மெல்லிய பீடிங் அடித்தால் போதும். அலமாரி தரையோடு பொருத்தியதாக இருந்தால் அதற்கு அடியில் பலகை ஓட்டத் தேவையில்லை, ஓட்டவும் கூடாது. இந்தத் தரை எங்கும் ஒட்டாமல் மிதந்து நிற்பது, அதன் மேல் கனமான அலமாரியைத் திருகினால் விரியும்போது போக இடமில்லாமல் வேறு இடத்தில் மேலெழும்பும்.

மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் அடித்தளம். இரண்டு மீட்டர் நீளத்தில் மூன்று மில்லிமீட்டருக்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் நிரப்பிச் சமப்படுத்தியே ஆக வேண்டும். 'ஃபோம் போட்டால் சரியாகிடும் சார்' என்பார்கள், ஆகாது. இரண்டு அடுக்கு ஃபோம் போட்டால் இன்னும் மோசம், பலகை கீழும் மேலும் ஆடி லாக் விட்டுவிடும். எங்கள் அறைக் குழிகளுக்கு மேஸ்திரியை வைத்து நிரப்பி, காயவிட்டு, நீள அலுமினியச் சட்டத்தை வைத்துப் பார்த்த பிறகுதான் பெட்டிகளை வரச் சொன்னேன். பெட்டிகளும் வந்த அன்றே பிரிக்கக் கூடாது, அதே அறையில் இரண்டு நாள் படுக்கவைத்து அங்குள்ள ஈரத்துக்குப் பழகவிட வேண்டும். சுவரைச் சுற்றிலும் பத்து மில்லிமீட்டர் இடைவெளி. ஃபிட்டிங் பையன்கள் அவசரத்தில் சுவரோடு இடித்து வைத்துவிடுவார்கள், பக்கத்தில் நின்று பார்த்தால் மரியாதையாக விடுவார்கள்.

டிசைனில் ஒரே ஒரு விஷயம். மலிவான லேமினேட்டில் ஒரே புகைப்படம் திரும்பத் திரும்ப வரும், போட்டு முடித்த பிறகு அடுத்தடுத்த பலகையில் ஒரே முடிச்சு ஒரே இடத்தில் உங்களை முறைத்துப் பார்க்கும். கடையில் ஒரு முழுப் பெட்டியைப் பிரிக்கச் சொல்லி, எத்தனை வேறுபட்ட பலகைகள் இருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள். பளபளப்பு வேண்டாம், கால் தடமும் மணல் கீறலும் அப்படியே தெரியும். பலகையின் பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவுக்குக் குறைந்தது இ1 தரம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்க வேண்டும், கதவடைத்து ஏசியில் தூங்கும் அறை என்பதால் இதில் சமரசம் இல்லை.

துடைப்பதைப் பற்றி வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் ஆரம்பத்திலேயே பேசிவிட்டோம். இந்த அறைக்குத் தனி மாப், நன்றாகப் பிழிந்தது, ஃபினாயில் வாளி உள்ளே வராது. 'அப்ப எனக்கு வேலை கம்மிதான்' என்று அவருக்கு மகிழ்ச்சி. அத்தைக்குத்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவாத தரை சுத்தமான தரைதானா என்பதில் இன்னும் சந்தேகம். அவர் அறைக்கு லேமினேட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அந்த அறையைப் பொறுத்தவரை அவர் சொல்வதுதான் சரியும்கூட.

மீந்த பலகைகளைத் தூக்கிப் போடாதீர்கள், கடைக்காரருக்குத் திருப்பியும் கொடுக்காதீர்கள். அதே டிசைன் இரண்டு வருடம் கழித்துக் கிடைக்கும் என்று நம்ப முடியாது. நடுவில் ஒரு பலகை போனால் ஒரு பக்கச் சுவரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து மாற்றலாம், அதற்குக் கையில் அதே பலகை இருக்க வேண்டும். பெட்டியோடு பரண் மேலே படுக்கவைத்திருக்கிறேன், சுவரில் சாய்த்து நிறுத்தினால் வளைந்துவிடும்.