பக்கச் சாய்வு

செப்டம்பர் 3

மோட்டார் நாற்காலியில் மலைப்பாதை ஏறத் தேதி கிடைத்துவிட்டது. 21, காலை ஒன்பது மணி. மழை வலுத்தால் ரத்து என்றும் சொன்னார்கள். அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

செப்டம்பர் 5

"எளிய பாதை. குடும்பத்துடன் நடக்க ஏற்றது." பாதையைப் பற்றி இவ்வளவுதான் போட்டிருக்கிறார்கள். யாருக்கு எளிது? அமெரிக்காவில் மத்திய அரசு நிலங்களுக்கான 2013ஆம் ஆண்டு விதிப்படி, அணுகத்தக்கதாக அமைக்கும் பாதையின் தொடக்கப் பலகையில் நீளம், அகலம், தரை, ஏற்றம், பக்கச் சாய்வு எல்லாம் இருக்க வேண்டும். 20 அடிக்கு ஓர் அடி ஏற்றம் என்றால் தூரத்துக்கு வரம்பில்லை. 12 அடிக்கு ஓர் அடி என்றால் 200 அடிக்குள் ஓய்விடம் வந்தாக வேண்டும். எனக்கு அந்தப் பலகை போதும், அழகிய காட்சி முனை என்ற விளம்பரம் வேண்டாம்.

ஏற்றம் பார்த்தவுடன் தெரிந்துவிடும். பக்கச் சாய்வு அப்படியல்ல. மழைநீர் வழிந்தோடட்டும் என்று மலைப்பாதையைப் பள்ளத்துப் பக்கம் சற்றுச் சாய்த்தே வெட்டுவார்கள். மண்ணுக்கு நல்லதுதான். நடப்பவருக்கு உறைக்காது, கணுக்கால் பார்த்துக்கொள்ளும். என் பழைய நாற்காலியோ பள்ளத்தைப் பார்த்தே திரும்பும். மேட்டுப் பக்கக் கை பிடித்து நிறுத்த, பள்ளத்துப் பக்கக் கை மட்டும் தள்ளித் தள்ளி ஓயும்.

செப்டம்பர் 6

மழை.

செப்டம்பர் 9

இடது பக்கம், உட்காரும் எலும்பின்மேல், சிவப்பு. அக்கா விரலால் அழுத்திப் பார்த்தாள். வெளுக்கவில்லை. அழுத்தப் புண்ணின் தொடக்கம்.

செப்டம்பர் 10

குப்புறப் படுத்தபடி எழுதுகிறேன். உட்காரக் கூடாது. தோல் உடைந்தால் மாதக்கணக்கில் படுக்கைதான். அதைப் பற்றி எழுதப் போவதில்லை.

ழோயலெட் என்ற மலை நாற்காலியைப் பற்றிப் படித்தேன். ஒற்றைச் சக்கரம், முன்னும் பின்னும் கைப்பிடி. 1987இல் ழோயல் கிளோதல் என்ற பிரெஞ்சு மலை வழிகாட்டி, தசைச்சிதைவு நோயுள்ள தன் உறவுப் பையனை மலைக்கு அழைத்துப்போகச் செய்தது. முன்னால் இருப்பவர் இழுப்பார், பின்னால் இருப்பவர் சாயாமல் பிடிப்பார். படி, பாறை எதுவும் அதற்குப் பொருட்டில்லை. நானும் ஏறியிருக்கிறேன். நல்ல மனிதர்கள், வியர்க்க விறுவிறுக்கத் தூக்கினார்கள். ஓர் இடத்தில் பாறையிடுக்கில் ஏதோ அசைந்தது. நிறுத்தச் சொல்ல வாயெடுத்தேன், அவர்கள் மூச்சு வாங்குவதைக் கேட்டு விட்டுவிட்டேன். அது ஓணானா பாம்பா என்று இன்றுவரை தெரியாது.

செப்டம்பர் 12

இன்னும் சிவப்பு.

செப்டம்பர் 13

"மோட்டாரில் போவதெல்லாம் மலையேற்றமா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அவருடைய முழங்கால்களை யாராவது இப்படிக் கேள்வி கேட்டார்களா?

கோல்களைக் கையால் தள்ளி ஓட்டும் நெம்புகோல் நாற்காலியை எனக்கும் பிடிக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆமோஸ் விண்டர் குழு உருவாக்கியது. கோலின் மேல்முனையைப் பிடித்தால் விசை, கீழே பிடித்தால் வேகம். கியர் என்று தனியாக எதுவும் இல்லை, கை நகர்வதே கியர். எவ்வளவு அழகான யோசனை! ஆனால் இந்தத் தோள்கள்தான் என்னைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கும் மாற்றுகின்றன. ஒரு குன்றுக்காக அவற்றைச் செலவழிக்க முடியாது.

செப்டம்பர் 16

வெளிறியிருக்கிறது என்கிறாள் அக்கா. என்னைத் தேற்றச் சொல்கிறாளோ? அதே விளக்கின்கீழ் படம் எடுக்கச் சொன்னேன். ஒப்பிட்டோம். ஒப்பிட்டுக்கொண்டே இருந்தோம்.

செப்டம்பர் 18

அழுத்தினால் வெளுக்கிறது, விட்டால் சிவக்கிறது! அரை மணி நேரம் உட்கார்ந்தேன். பிறகு கண்ணாடி. ஒன்றுமில்லை. மீண்டும் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 19

பாதையின் நுழைவாயில் எவ்வளவு அகலம்? மாடும் மோட்டார் சைக்கிளும் நுழையாதபடி நட்ட தூண்களாம். தொலைபேசியில் கேட்டால் "போய்விடும் என்றுதான் நினைக்கிறேன்" என்கிறார். நினைப்பு எதற்கு? அளவு நாடா இல்லையா?

செப்டம்பர் 20

வெயில் அடிக்கும் போலிருக்கிறது. மார்புக்குக் கீழே எனக்கு வியர்க்காது, அதனால் சூடு ஏறினால் இறங்காது. தண்ணீர் தெளிக்கும் குப்பி எடுத்தாயிற்று. தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் 21

தூண்களுக்கு நடுவே விரற்கடை இடைவெளியில் மோட்டார் நாற்காலி நுழைந்தது. அக்கா மூச்சையே விடவில்லை.

சக்கரத்துக்குப் பதில் இரண்டு ரப்பர்ப் பட்டைகள். விசைப்பிடியை லேசாகத் தொட்டாலே உறுமிக்கொண்டு கிளம்புகிறது. குறுக்கே கிடந்த வேரின்மேல் முன்பக்கம் மெல்ல எழும்பி, ஒரு கணம் வானம் மட்டும் தெரிந்து, பிறகு பொத்தென்று இறங்கியது. சேற்றில் கொஞ்சமும் தயங்கவில்லை. எடை முழுவதும் பட்டை நீளத்துக்குப் பரவிவிடுவதால் புதைவதில்லை. ஆனால் நின்ற இடத்திலேயே திரும்பினால் புல்லைப் பிய்த்துவிடுகிறது. இரண்டு இடத்தில் மண் தெரிய உரித்துவிட்டது, பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு அகலமாக வளைந்தே திரும்பினேன்.

பக்கச் சாய்வு வந்தது. நாற்காலி நேராகத்தான் போனது. நான்தான் வலப்புறம் வழிந்தேன், மார்புப் பட்டை பிடித்துக்கொண்டது. எழுதி வைக்க வேண்டும்: வலது விலாவுக்கு ஒரு மெத்தை.

அவ்வப்போது நிறுத்தி, முன்னால் குனிந்து எலும்புக்கு ஓய்வு கொடுத்தேன். குனியும்போது முகம் தரைக்கு அருகில் போகிறது. பாசிக்கு நடுவே ஊசி முனையளவு சிவப்புத் தொப்பிகள். எங்கே நிறுத்தலாம் என்று யாரையும் கேட்கவில்லை. ஓர் இடத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் நிறுத்தினேன். "என்ன?" என்றாள் அக்கா. "சும்மா" என்றேன்.

இரவு: தோலில் துணித் தையலின் தடம் மட்டும். அழுத்தினால் வெளுக்கிறது.

செப்டம்பர் 22

தோள், கழுத்து, எல்லாம் வலி. மோட்டாராம்!

செப்டம்பர் 24

ஓடையைத் தாண்டினால் பாதையின் மறுபாதி. நடுவில் மரப்பாலம். நாற்காலி மட்டுமே 200 கிலோவை ஒட்டி இருக்கும், அதோடு நானும். பாலம் எவ்வளவு தாங்கும் என்று அக்காவைக் கேட்கச் சொன்னேன். "தாங்கும் என்றுதான் நினைக்கிறோம்" என்றார்களாம். பாலம் கட்டியவர் எண்ணை வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன்.